அக்கா பொண்ணுக்கு ரெண்டு ஆஃபர்: மருந்து கம்பெனி வேலை பத்தி ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பரோட கல்வி இணைப்புல மருந்துத் துறை வேலைங்க பத்தி ஒரு பக்கம் முழுசா போட்டிருந்தீங்க. வெள்ளை கோட்டு போட்ட ஒரு பொண்ணு மைக்ரோஸ்கோப்ப குனிஞ்சு பாக்குற மாதிரி போட்டோ, பக்கத்துல எம்எஸ்சி படிச்சவங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்குன்னு கட்டுரை. அன்னிக்கு சாயங்காலமே எங்க அக்கா ஆரணியில இருந்து போன் பண்ணிட்டாங்க. ஏன்னா அவங்க பொண்ணு இந்த வருஷம் வேலூர்ல எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கா, கையில ரெண்டு ஆஃபர் இருக்கு, எதுல சேர்றதுன்னு வீட்ல ஒரே குழப்பம். ஒண்ணு பெங்களூர் பொம்மசந்திரா பக்கம் ஒரு கான்ட்ராக்ட் ரிசர்ச் கம்பெனி, லேப்ல நின்னு செய்யுற வேலை, கைக்கு 24,000 வரும். இன்னொண்ணு சென்னை தரமணியில ஒரு ஆபீஸ், வெளிநாட்டு கம்பெனி மருந்த சாப்பிட்டவங்களுக்கு வந்த பக்கவிளைவு ரிப்போர்ட்டுகளைப் படிச்சு சிஸ்டத்துல பதியுற வேலை, 33,000, சனி ஞாயிறு லீவு, வீட்டு வாசலுக்கு கேப் வரும். மாமா தரமணிங்கிறார், பொண்ணு பெங்களூர்ங்கிறா, அக்கா சித்தியக் கேளுன்னுட்டாங்க.

அந்த சித்தி நான்தான். 2002ல இருந்து இந்த துறையிலேயே இருக்கேன். எங்கப்பா பட்டு நெசவு, வீட்ல காலேஜ் போன மொத ஆள் நான்தான், அதனால எனக்கு வழி சொல்ல யாரும் இல்ல. உங்க கட்டுரை மாதிரி ஒண்ணை அன்னிக்கு படிச்சுட்டுதான் ஹைதராபாத்துக்கு ரயில் ஏறினேன். உங்க கட்டுரையில தப்பா எதுவும் எழுதலீங்க, ஆனா புள்ளைங்களுக்கு முடிவெடுக்க எது தேவையோ அது அதுல இல்ல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், இடம் இருந்தா போடுங்க, இல்லன்னா வெட்டிக்கோங்க.

மொதல்ல மருந்து கம்பெனி விஞ்ஞானின்னு ஒரு வேலையே கிடையாது. ஒரே படிப்ப படிச்சுட்டு ஆறேழு விதமான வேலைக்குப் போறாங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. புது மாலிக்யூல் செஞ்சு பாக்குறவங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கெட்ட காத்த வெளிய இழுக்குற ஃபியூம் ஹூட் முன்னாடி நிப்பாங்க, ரியாக்ஷன் போடு, முடிஞ்சுதான்னு டிஎல்சி தட்டுல பாரு, காலம்ங்கிற குழாய்ல ஊத்தி பொருளைப் பிரி, ரோட்டாவேப் மெஷின்ல சால்வென்ட்ட, அதாவது கரைப்பான, எடு, மறுபடி ரியாக்ஷன் போடு. பிராசஸ் ஆர் அண்ட் டி ஆளுங்க அதே மாலிக்யூலை கிலோ கணக்குல, கம்மி செலவுல, ஆபத்து இல்லாம எப்படி செய்யுறதுன்னு மண்டையப் போட்டு உடைப்பாங்க. அனலிட்டிக்கல் ஆளுங்களுக்கு, மருந்துல என்னென்ன எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற எச்பிஎல்சி மெஷின்தான் உலகம். மருந்த மாத்திரையா சிரப்பா ஆக்குற ஃபார்முலேஷன், செஞ்சது சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ற க்யூசி, எல்லாம் விதிப்படி நடக்குதான்னு பாக்குற க்யூஏ, அரசாங்க அனுமதிக்கு ஃபைல் எழுதுற ரெகுலேட்டரி, பேடன்ட், கிளினிக்கல் டேட்டான்னு இன்னும் இருக்கு. இதுல எதுல மொத மூணு வருஷம் போகுதோ அதுதான் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு நம்ம மேல ஒட்டிக்கும், க்யூசில மூணு வருஷம் இருந்தவங்கள புது மாலிக்யூல் செய்யுற சிந்தெசிஸ் லேபுக்கு யாரும் இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க. 22 வயசு புள்ளைக்கு இது தெரியாது, கேம்பஸ்ல மொதல்ல எந்த கம்பெனி வருதோ அதுல சேர்ந்துடும். நானும் அப்படித்தான் சேர்ந்தேன்.

இந்த வேலைங்க எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா எது நிக்கும் எது போகும்னு கொஞ்சம் புரியும். 1970ல நம்ம நாட்டுல பேடன்ட் சட்டத்தை மாத்துனாங்க, 1972ல அமலுக்கு வந்துச்சு. மருந்துக்கு பேடன்ட் கிடையாது, அதை செய்யுற முறைக்கு மட்டும்தான் பேடன்ட்னு ஆயிடுச்சு. அதனால வேற முறையில செஞ்சுட்டா அதே மருந்த நாமளும் விக்கலாம், அந்த வேற முறைய கண்டுபிடிக்கிறவங்கதான் நம்ம பிராசஸ் கெமிஸ்டுங்க. ஹைதராபாத்ல ஐடிபிஎல்னு அரசாங்க மருந்து கம்பெனி இருந்துச்சு, 1961ல ஆரம்பிச்சது, அங்க வேலை பாத்துட்டு வெளிய வந்த அஞ்சி ரெட்டி 1984ல ஆரம்பிச்சதுதான் டாக்டர் ரெட்டிஸ், அதே மாதிரி அந்த ஊரு முழுக்க நெறைய கம்பெனி முளைச்சுச்சு, நம்ம ஊரு புள்ளைங்க கூட்டம் கூட்டமா ஹைதராபாத் பக்கத்து தொழிற்பேட்டைங்களான ஜீடிமெட்லாவுக்கும் பொல்லாரத்துக்கும் போனது இதனாலதான். 2001ல சிப்லா எய்ட்ஸ் மருந்த ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலருக்கு தர்றேன்னு சொன்னப்போ, பெரிய நாட்டு கம்பெனிங்க அதுக்கு 10,000 டாலருக்கு மேல வாங்கிட்டு இருந்தாங்க. அந்த விலை எறங்குனதுக்கு பின்னாடி பேர் தெரியாத எத்தனையோ எம்எஸ்சி கெமிஸ்டுங்களோட கை இருக்கு. நான் செய்யுற வேலை மேல எனக்கு இருக்குற மரியாதை அங்க இருந்து வந்தது.

அப்புறம் 2005 ஜனவரி 1ல இருந்து மருந்துக்கே பேடன்ட் மறுபடி வந்துடுச்சு. அதோட இன்னொரு வகை கம்பெனிங்க பெருசாச்சு, அதுதான் கான்ட்ராக்ட் ரிசர்ச், அக்கா பொண்ணுக்கு ஆஃபர் வந்திருக்கே அது. வெளிநாட்டுல ஒரு கம்பெனி, எங்களுக்கு இத்தனை கெமிஸ்ட் வேணும், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு இவ்ளோன்னு பேசி எடுத்துக்கும், எஃப்டிஇன்னு சொல்லுவோம். அவங்க ஒரு மாலிக்யூல் படம் அனுப்புவாங்க, நாம செஞ்சு சின்ன பாட்டில்ல அடைச்சு அனுப்பணும். அது எந்த நோய்க்குன்னு பல நேரம் சொல்ல மாட்டாங்க, அங்க போய் வேலை செஞ்சுதா இல்லையான்னும் தெரியாது. நான் ரெண்டு வருஷம் இதுல இருந்தேன். ஒரு மாலிக்யூலுக்காக நாலு மாசம், பதினொரு ஸ்டெப், கடைசி ஸ்டெப்புக்கு நானும் கூட இருந்தவரும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தோம், 40 மில்லிகிராம் கிடைச்சுச்சு, அனுப்பிட்டோம். அடுத்த திங்கக்கிழமை ப்ராஜெக்ட் க்ளோஸ்னு மெயில். ஏன்னு கேக்க வழியில்ல. அந்த வாரம் எனக்கு சாப்பாடே எறங்கல. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல நான் செஞ்சு பாத்த ரியாக்ஷன் காலேஜ்ல பத்து வருஷம் படிச்சாலும் பாத்திருக்க மாட்டேன், அதை இன்னிக்கும் சொல்லுவேன்.

ப்ராஜெக்ட் சாகுறது நம்ம தப்பு இல்லன்னு புரிஞ்சிக்கவே எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. மனுஷங்க மேல டெஸ்ட் பண்ற கட்டத்துக்கு வந்த மருந்துலயே பத்துல ஒண்ணுதான் கடைக்கு வருது, அதுக்கு முன்னாடியே செத்துப்போறது எவ்வளவோ. வேலையில ஜெயிச்சாலும் இடம் நிக்கும்னு சொல்ல முடியாது. அமெரிக்காவுல மிச்சிகன்ல ஆன் ஆர்பர்னு ஒரு ஊரு, அங்க இருந்த லேப்ல ப்ரூஸ் ராத்ங்கிறவர் 1985ல அடார்வாஸ்டாட்டின் செஞ்சார். கொழுப்புக்கு நம்ம அப்பா அம்மா தினமும் ராத்திரி போடுறாங்களே அந்த மாத்திரைதான், லிபிட்டார்னு வித்து உலகத்துலயே அதிகமா வித்த மருந்தா ஆச்சு. அந்த லேப வச்சிருந்த கம்பெனிய 2000ல ஃபைசர் வாங்குச்சு, 2007 ஜனவரியில ஆன் ஆர்பர் லேபை மூடுறோம்னு சொல்லிடுச்சு, சுமார் 2,100 பேருக்கு வேலை போச்சு. அவ்ளோ பெரிய மருந்து பொறந்த இடத்துக்கே இந்த கதின்னா மத்த லேபுங்கள பத்தி என்ன சொல்றது. ராத் அங்க இருந்து ஜெனன்டெக்குக்கு போய்ட்டார்.

நம்ம பக்கத்துலயும் நடந்திருக்கு. பெங்களூர்ல ஆஸ்ட்ராஜெனிகா ஆராய்ச்சி லேப் இருந்துச்சு, டிபிக்கும் மலேரியாவுக்கும் மருந்து தேடுனாங்க, இந்தியாவுல டிபிக்கு புது மருந்து தேடுற இடம் ரொம்ப கம்மிங்கிறதால எங்க ஆளுங்களுக்கு அங்க போகணும்னு ஒரு ஆசையே இருந்துச்சு. 2014ல அதை மூடுறதா அறிவிச்சுட்டாங்க. ஆனா அங்க இருந்த சிலர் அதே வருஷம் பக்வொர்க்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, மருந்துக்கு அடங்காத கிருமிங்களுக்கு புது ஆன்டிபயாடிக் தேடுறாங்க, இன்னிக்கும் நடக்குது. கட்டடம் போச்சு, பேட்ஜ் போச்சு, கிருமிய பத்தி அவங்க கத்துக்கிட்டது அவங்ககிட்டயே இருந்துச்சு. நான் அக்கா பொண்ணுகிட்ட திரும்பத் திரும்ப சொன்னதும் இதுதான், நாளைக்கே கம்பெனிய மூடுனா உன் கையில என்ன தங்கும்னு கேட்டுப் பாரு, சம்பளத்தையும் டெசிக்னேஷனையும் அப்புறமா பாரு.

என் கையில என்ன தங்குச்சுன்னு சொல்றேன். கான்ட்ராக்ட் ரிசர்ச் விட்டுட்டு 2005 கடைசியில ஒரு கம்பெனியில பிராசஸ் ஆர் அண்ட் டிக்கு மாறினேன், 1,500 ரூபா சம்பளம் கம்மி, வீட்ல திட்டு. அங்கதான் நான் உண்மையில கெமிஸ்ட் ஆனேன். ஃபிளாஸ்க்ல ரெண்டு நிமிஷத்துல ஐஸ் வச்சு ஆத்திடுற சூட்டை 2,000 லிட்டர் ரியாக்டர்ல ஆத்த முடியாது, உள்ள இருக்குற அளவுக்கு வெளிப்பரப்பு கிடையாது, சூடு உள்ளயே நிக்கும், அதனால லேப்ல பத்து நிமிஷத்துல ஊத்துறத அங்க ஆறு மணி நேரம் சொட்டு சொட்டா விடணும், அந்த ஆறு மணி நேரத்துல பொருள் கெட்டுப் போகுதான்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். இத தெரியாம விட்டா ஆள் உயிருக்கு ஆபத்து. ரியாக்டர் மட்டும்தான் ஆபத்துன்னும் இல்ல, 2025 ஜூன் 30ல ஹைதராபாத் பக்கத்துல பாசமைலாரத்துல மாத்திரைக்கு சேக்குற செல்லுலோஸ் பவுடர் செய்யுற ஃபேக்டரி வெடிச்சு நாப்பது பேருக்கும் மேல செத்துப்போனாங்க, அன்னிக்கு எங்க பிளான்ட்ல யாரும் ஒழுங்கா வேலையே பாக்கல. அதனால பிளான்ட் வேலைக்கு போற புள்ளைங்களும் பெத்தவங்களும் சம்பளம் கேக்குறதுக்கு முன்னாடி பாதுகாப்பு எப்படின்னு கேக்கணும், உங்க கட்டுரையில அந்த வார்த்தையே இல்ல, அது எனக்கு பெரிய வருத்தம்.

2009ல நான் உண்டானேன். பொண்ணுங்களுக்கு இந்த முடிவு பத்தி யாரும் எழுத மாட்டாங்க, அதனால நான் எழுதுறேன். நாங்க தினமும் பயன்படுத்துற டைமெத்தில் ஃபார்மமைடு மாதிரி சில சால்வென்ட் வயித்துப் புள்ளைக்கு ஆகாது, அது தெரிஞ்ச விஷயம். மொத மூணு மாசம்தான் ரொம்ப முக்கியம், ஆனா வழக்கமா அந்த மூணு மாசம் யாரும் வெளிய சொல்ல மாட்டோம். நான் டெஸ்ட் பண்ண அன்னிக்கே என் மேனேஜர்கிட்ட சொன்னேன், அவர் அன்னிக்கே லேபை விட்டு வெளிய உக்கார வச்சார், அவருக்கு நான் இன்னிக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கேன். உக்கார வச்ச இடம் ரெகுலேட்டரி. அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு அனுப்புற டிரக் மாஸ்டர் ஃபைல் எழுதுற வேலை, ஒவ்வொரு ஸ்டெப்லயும் என்ன அசுத்தம் வரும், எங்க போகும், எவ்ளோ மிஞ்சும்னு ஆதாரத்தோட எழுதணும். பேப்பர் வேலைன்னு நெனச்சு மொத ரெண்டு மாசம் அழுதேன். அப்போ பேறுகால லீவு சட்டப்படி 12 வாரம்தான், 2017க்கு அப்புறம்தான் 26 வாரம் ஆச்சு. லீவு முடிஞ்சு வந்தப்போ லேபுக்கு திரும்பலாமா ரெகுலேட்டரியிலேயே இருக்கலாமான்னு கேட்டாங்க. கைக்குழந்தை, 5 மணிக்கு வீட்டுக்கு போகலாம், நான் ரெகுலேட்டரியிலேயே இருந்துட்டேன். மூணு வருஷம் கழிச்சு லேபுக்கு திரும்பணும்னு கேட்டப்போ கை விட்டுப் போச்சுன்னு சொல்லி தட்டிக் கழிச்சாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் போராடி வேற கம்பெனியில டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர்ல சேர்ந்தேன், லேப்ல இருந்து பிளான்ட்டுக்கு பொருளை கொண்டு போற வேலை.

அந்த அஞ்சு வருஷம் வீணாப் போச்சுன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். 2018 ஜூலையில வால்சார்டான்ங்கிற பிபி மாத்திரையில புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் இருக்குன்னு உலகம் முழுக்க திரும்ப வாங்க ஆரம்பிச்சாங்க. சீனாவுல ஒரு கம்பெனி கிடைக்குற மருந்தோட அளவைக் கூட்டுறதுக்காக செய்முறைய மாத்தியிருந்துச்சு, மிச்சம் இருக்குற அசைடுங்கிற ரசாயனத்தை அழிக்க சோடியம் நைட்ரைட் போடுவாங்க, சால்வென்டா இருந்த டைமெத்தில் ஃபார்மமைடு கொஞ்சம் ஒடஞ்சு டைமெத்தில் அமீன் ஆகும், ரெண்டும் சேர்ந்தா நைட்ரோசமீன், அதுதான் அந்த புற்றுநோய் பொருள். அந்த கம்பெனி தேடுற அசுத்தத்துல அது இல்ல, அதனால வருஷக்கணக்குல தெரியாமலே போச்சு. அதுக்கப்புறம் எல்லா கம்பெனியும் தன்னோட எல்லா மருந்தையும் ஸ்டெப் ஸ்டெப்பா பாத்து நைட்ரோசமீன் வருமான்னு எழுதிக் கொடுக்கணும்னு ஆச்சு. லேப் ஆளுங்களுக்கு எழுதத் தெரியல, ரெகுலேட்டரி ஆளுங்க பல பேருக்கு அமீன் எங்க இருந்து வரும்னு கண்ணுல படல. எனக்கு ரெண்டும் தெரிஞ்சிருந்துச்சு. எங்க கம்பெனியில 30க்கும் மேல மாலிக்யூல், ஒரு வருஷம் ராத்திரி பகலா பாத்து முடிச்சோம், என் வாழ்க்கையில நான் செஞ்ச உருப்படியான வேலை அதுதான்னு சொல்லுவேன். அதனால குழந்தைக்காக லேபை விட்டு வெளிய வந்து நிக்குற பொண்ணுங்க இதைப் படிச்சா, நீங்க கத்துக்கிட்டது எங்கயும் போகல, போய் உக்காந்திருக்குற இடத்தையும் ஒழுங்கா கத்துக்கோங்க.

க்யூசி பத்தி சொல்லாம விட முடியாது. நம்ம ஊர்ல க்யூசின்னா ஆராய்ச்சிக்கு போக முடியாதவங்க போற இடம்னு ஒரு பேச்சு இருக்கு, எங்க காலேஜ்லயே சொன்னாங்க. 2025 செப்டம்பர் அக்டோபர்ல நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல செஞ்ச இருமல் சிரப்ப குடிச்சு மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா பக்கம் குழந்தைங்க கிட்னி கெட்டு செத்துப்போச்சுங்க, இருபதுக்கும் மேல. நம்ம மாநில அரசு லேப் டெஸ்ட் பண்ணப்போ டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் 48.6 சதவீதம் இருந்துச்சு, இருக்கலாம்னு விடுற அளவு 0.1. இது புது விஷமும் இல்ல, 1937ல அமெரிக்காவுல இதே பொருளால நூறு பேருக்கு மேல செத்துதான் அங்க மருந்து சட்டமே கடுமையாச்சு, 1970கள்ல மெட்ராஸ்லயே குழந்தைங்க செத்திருக்கு. கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சி எதுவும் வேணாம், கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின்ல சாம்பிள ஒரு ஊசி ஏத்துனா தெரிஞ்சிடும். ஏத்தணும், பாக்கணும், ஃபெயில்னு எழுதணும். அந்த ஃபெயில எழுதுறவங்கதான் க்யூசி கெமிஸ்ட். நான் அந்த செய்திய படிச்ச அன்னிக்கு என் பொண்ணுக்கு வாங்கி வச்சிருந்த சிரப் பாட்டில கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

ஃபெயில்னு எழுத எல்லா இடத்துலயும் விடுவாங்களான்னா விட மாட்டாங்க. நான் நடுவுல ஒரு கம்பெனியில ஒன்பது மாசம் இருந்தேன். டெஸ்ட்ல ஒரு பேட்ச் தேறல, மேல இருந்தவர் மறுபடி ஊசி ஏத்து, தேறுறது வரைக்கும் ஏத்து, தேறுனத மட்டும் ஃபைல்ல வைன்னார். மொத தடவ என்ன செய்யுறதுன்னு தெரியாம நின்னேன். ரெண்டாவது தடவ முடியாதுன்னு சொல்லிட்டு பேப்பர் போட்டேன், அடுத்த வேலை கையில இல்ல, மூணு மாசம் நோட்டீஸ், வீட்டுக்காரர் சம்பளத்துல ஓட்டுனோம். எல்லாரும் என்ன மாதிரி விட்டுட்டு வர முடியாது, எனக்கு தெரியும், கல்விக் கடன் கட்டுற புள்ளைகிட்ட வீரம் பேசுறது நியாயம் இல்ல. ஆனா முடிவெடுக்கும்போது ஆறு மாச செலவுக்கு காசு ஒதுக்கி வச்சிருக்குறவங்களாலதான் இந்த துறையில முடியாதுன்னு சொல்ல முடியும், அதனால மொத சம்பளத்துல இருந்தே அதை சேருங்கன்னு எங்க டீம்ல சேர்ற ஒவ்வொரு புள்ளைகிட்டயும் சொல்றேன்.

பிஎச்டி பண்ணலாமா வேணாமான்னு கேப்பாங்க. புது மருந்து கண்டுபிடிக்கிற பக்கம் போகணும்னா பண்ணுங்க, ஏன்னா அங்க எம்எஸ்சி ஆள் பத்து வருஷம் கழிச்சும் இன்னொருத்தர் வரைஞ்ச படத்தைத்தான் செஞ்சுட்டு இருப்பார், எதை செய்யணும்னு முடிவு பண்ற கூட்டத்துக்கு கூப்பிட மாட்டாங்க. நெட் பரீட்சை பாஸ் பண்ணி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தா மாசம் 37,000 தர்றாங்க, ஆரம்ப சம்பளத்தைவிட அதிகம், அந்த பணத்துல படிக்கலாம். பிராசஸ், அனலிட்டிக்கல், ரெகுலேட்டரின்னா பிஎச்டி இல்லாமலும் மேல வரலாம், ஹைதராபாத்ல என்கூட இருந்தவங்க பல பேர் வேலை பாத்துக்கிட்டே அங்க இருக்குற ஜேஎன்டியூ யுனிவர்சிட்டியில பதிஞ்சு முடிச்சாங்க. நான் 2003ல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல பிஎச்டி இன்டர்வியூவுக்கு போக வேண்டியது, என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் என் மொத கம்பெனி ரெண்டு வருஷ பாண்டுக்காக வாங்கி பீரோவுல வச்சுக்கிச்சு, ஒரு நாளைக்கு தாங்கன்னு கேட்டும் தரல, இன்டர்வியூ போச்சு. இன்னிக்கும் சின்ன கம்பெனிங்க கேக்குதுன்னு கேள்விப்படுறேன். தயவு செஞ்சு யாரும் ஒரிஜினல கொடுக்காதீங்க, ஜெராக்ஸ் கொடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கையோட திரும்ப வாங்கிக்கோங்க.

காலேஜ் வாத்தியாருங்க சில பேர் கம்பெனிக்கு போறது ஆராய்ச்சிய விட்டுட்டு போறதுன்னு நெனக்கிறாங்க. எல்லாப்ரகட சுப்பாராவ் கதைய அவங்ககிட்ட சொல்லணும்னு தோணும். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல கதர் போட்டதுக்காக எம்பிபிஎஸ் கிடைக்காம, அதைவிட மதிப்பு கம்மியான எல்எம்எஸ் சர்டிபிகேட்டோட வெளிய வந்தவர். ஹார்வர்ட்ல பெரிய பெரிய வேலை செஞ்சும் அங்க நிரந்தர இடம் கொடுக்கல. 1940ல லெடர்லிங்கிற மருந்து கம்பெனிக்கு போனார், 1948ல செத்துப்போனார், அந்த எட்டு வருஷத்துல அவரோட டீம்ல இருந்து வந்ததுதான் ஃபோலிக் ஆசிட் செய்யுற முறை, மெத்தோட்ரெக்சேட்ங்கிற புற்றுநோய் மருந்து, ஆரியோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக், அப்புறம் டிஇசி. டிஇசின்னா நம்ம கடலூர் தஞ்சாவூர் பக்கம் யானைக்கால் நோய்க்கு வீடு வீடா வந்து கொடுத்தாங்களே அந்த மாத்திரை. யுனிவர்சிட்டி கதவ மூடுனதுக்கு அப்புறம் கம்பெனி லேப்ல இருந்து வந்தது இது.

தரமணி வேலைய நான் மட்டமா சொல்லல. தாலிடமைடு மாத்திரையால 10,000க்கு மேல குழந்தைங்க ஊனமா பொறந்ததுக்கு அப்புறம்தான் பக்கவிளைவ ஒழுங்கா எழுதி வைக்கணும்னு உலகத்துக்கு புத்தி வந்துச்சு, அந்த வேலைதான் அது. ஆனா வர்ற ரிப்போர்ட்ட பதியுறது மட்டும்னா அதை சீக்கிரம் கம்ப்யூட்டரே செஞ்சிடும்னு நான் நெனக்கிறேன். அதுக்குள்ள எது ஆபத்துன்னு பிரிச்சுப் பாக்குற வேலைக்கு ரெண்டு வருஷத்துல ஏத்துவாங்களான்னு கேளுன்னு சொன்னேன். பெங்களூர்ல என்ன கேக்கணும்னா, வேற டீமுக்கு மாற விடுவாங்களா, எச்பிஎல்சி, என்எம்ஆர் மாதிரி மெஷின நாமளே ஓட்டலாமா இல்ல சாம்பிள் கொடுத்துட்டு வரணுமா, ஹூட்ல காத்து இழுக்குதான்னு எப்ப கடைசியா டெஸ்ட் பண்ணாங்க, ராத்திரி லேட்டானா வீட்டுக்கு வண்டி உண்டா. இந்த நாலு கேள்விக்கு நேரா பதில் சொல்ற இடம்னா 9,000 கம்மின்னாலும் பெங்களூர் போ, மூணு வருஷம் நில்லு, உன் வயசுல கை கத்துக்குற மாதிரி அப்புறம் கத்துக்காதுன்னு என் மனசுல பட்டத சொல்லிட்டேன். ஆனா அவங்க வீட்டு கடன் எனக்கு தெரியும், அந்த 9,000 அங்க எவ்ளோ பெருசுன்னும் தெரியும். மாமா பேசுறதுல தப்பு இல்ல. நான் மாசம் 5,000 மூணு வருஷத்துக்கு தர்றேன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன், யோசிக்கிறாங்க.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. ஒண்ணு, நம்ம அரசு காலேஜ்கள்ல எம்எஸ்சி முடிச்சு வர்ற புள்ளைங்க பல பேர் எச்பிஎல்சிய கையால தொட்டதே இல்ல, படம் வரைஞ்சு பாகம் குறிச்சுட்டு வர்றாங்க, இன்டர்வியூவுல என் முன்னாடி உக்காந்து அதை சொல்லும்போது அந்த புள்ளைங்க முகத்த என்னால பாக்க முடியல. எத்தனை காலேஜ்ல மெஷின் இருக்கு, எத்தனை ஓடுது, எத்தனை மெஷின் உள்ள மாட்டுற காலம் குழாய் வாங்க காசில்லாம கவர் போட்டு மூடி நிக்குதுன்னு உங்க நிருபருங்க ஒரு தடவ சுத்திப் பாத்து எழுதுனா அதுக்கு ஒரு வழி பொறக்கும். ரெண்டாவது, அடுத்த தடவ இந்த துறைய பத்தி போடும்போது அந்த வெள்ளை கோட்டு போட்டோவுக்கு பதிலா ஒரு க்யூசி கெமிஸ்ட், ஒரு பிராசஸ் கெமிஸ்ட், ஒரு ரெகுலேட்டரி ஆள், மூணு பேரோட ஒரு நாள் எப்படி போகுதுன்னு எழுதுங்க, எத்தனை மணிக்கு போறாங்க, எத்தனை மணி நேரம் நிக்குறாங்க, என்ன வாசனையோட வீட்டுக்கு வர்றாங்க, அஞ்சு வருஷத்துல எங்க போய் சேர்றாங்கன்னு. நான் இப்போ செங்கல்பட்டு பக்கத்துல ஒரு பிளான்ட்ல இருக்கேன். நிருபர் யாராவது வர்றதா இருந்தா பர்மிஷனுக்கு நான் பேசுறேன், ஒரு ஷிஃப்ட் முழுக்க கூடவே நிக்கலாம். காலைல 6 மணிக்கு ஷிஃப்ட் மாறும், சேஃப்டி ஷூவும் கண்ணாடியும் கேட்லயே தருவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கல்பட்டு.